லாராபின்டா பாதையில் வழிகாட்டியுடன் நடக்க ஏற்ற காலம் எது?

கேள்வி:
ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து சோண்டர் மலை வரை ஏறத்தாழ 223 கிலோமீட்டர் நீளும் லாராபின்டா பாதையின் ஒரு பகுதியை, முதுகுப்பை சுமந்து, வழிகாட்டியுடன் நடந்து பார்க்க நானும் என் தங்கையும் விரும்புகிறோம். எந்த மாதம் உகந்தது? தண்ணீருக்கு என்ன வழி?

மறுமொழி 1:
மே முதல் ஆகஸ்ட் வரை செல்லுங்கள். பகல் இதமாக இருந்தாலும் இரவில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கக்கூடும் என்பதால், கடுங்குளிரைத் தாங்கும் ஸ்லீப்பிங் பேக் கட்டாயம் தேவை. கோடை வேண்டவே வேண்டாம். வெயில் 40 டிகிரியைத் தாண்டும்.

மறுமொழி 2:
பல முகாம்களில் தண்ணீர்த் தொட்டிகள் உண்டு. ஆயினும் ஒரு தொட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே ஓரிரு நாள் நடை இருக்கக்கூடும் ஆகையால், வழிகாட்டி சொல்லும் அளவைச் சுமைக்கு அஞ்சிக் குறைக்காதீர்கள். கூரிய குவார்ட்சைட் கற்கள் காலணியின் அடிப்பகுதியைத் தேய்த்துவிடும். நன்கு பழகிய, கனத்த அடிப்பாகமுள்ள காலணியே நல்லது.

மறுமொழி 3:
அந்தப் பாதை செல்வது அரெர்ன்டே என்னும் பழங்குடி மக்களின் நிலத்தில். அவர்களுடைய புனித இடங்கள் அங்கே இருப்பதால், குறியிட்ட பாதையை விட்டு விலகாதீர்கள்.