மாருதி 800 (2003): நல்ல ஸ்பேர்ஸ் எப்படிப் பார்த்து வாங்குவது?

கரூர்_எண்ணூறு:
வண்டி 2003 மாடல், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டரில் பெட்ரோல் போகும் வகை), 4 கியர், 1,34,000 கி.மீ. ஆர்சி 2028 வரை இருக்கிறது. மாற்ற வேண்டியவை: இரண்டு பக்க டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு), பின் பிரேக் வீல் சிலிண்டர் (இடது பக்கம் ஒழுகுகிறது), கிளட்ச் செட், டைமிங் பெல்ட், ஆயில் ஃபில்டர், நான்கு கதவு பீடிங் (கதவைச் சுற்றி வரும் ரப்பர்), ஒரு டெயில் லாம்ப். டை ராட் எண்டுக்கு மட்டும் ஒரே கடையில் மூன்று விலை சொல்கிறார்கள். மூன்றுமே ஒரிஜினல்தானாம்! எதைக் கம்பெனி பார்ட்டாகவே வாங்க வேண்டும், எதில் வெளி பிராண்ட் போதும், டூப்ளிகேட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

பார்ட்நம்பர்_பாண்டி:
கடையில் போய் "எண்ணூறுக்கு ஒரு பெல்ட்" என்று கேட்பதை முதலில் விடுங்கள். பாதி தவறு அங்கேயே நடக்கிறது. 796 சிசி என்றால் எல்லாம் ஒன்றல்ல. உங்கள் 4 கியர் வண்டியில் இருப்பது 6 வால்வு எஞ்சின். 2000-ல் வந்த 5 கியர் 800-லும் ஆல்ட்டோவிலும் இருப்பது 12 வால்வு. ஹெட் கேஸ்கெட், கேம்ஷாஃப்ட், வால்வு, வால்வு சீல் எதுவும் ஒன்றுக்கொன்று ஆகாது. "ஆல்ட்டோவுடையது சேரும் சார்" என்று கவுண்டரில் சொன்னால் நம்பாதீர்கள். மாருதி ஆம்னி வேன் இதே 6 வால்வு எஞ்சினோடு 2019 வரை ஓடியதால் உள்பாகங்கள் இன்னும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அதில் எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, டிரைவ் பின்சக்கரத்துக்குப் போகிறது. அதனால் ஹோஸ், மவுண்டிங், மேனிஃபோல்டு விஷயத்தில் ஆம்னி உதவாது.

சேஸிஸ் நம்பரை (எம்ஏ3 என்று தொடங்கும் 17 எழுத்து) மாருதி டீலரின் பார்ட்ஸ் கவுண்டரில் கொடுத்து பார்ட் நம்பர்களை எழுதி வாங்குங்கள். நம்பரின் முதல் ஐந்து இலக்கம் என்ன சாமான் என்பதைச் சொல்லும்: 16510 ஆயில் ஃபில்டர், 12761 டைமிங் பெல்ட், 17400 வாட்டர் பம்ப், 11141 ஹெட் கேஸ்கெட். பிறகு எம் என்ற எழுத்து, அதன் பின்னால் மாடல் குறியீடு. பழைய நம்பர் நிறுத்தப்பட்டிருந்தால் அதற்குப் பதில் வந்த புது நம்பரையும் கேளுங்கள். "ஸ்டாக் இல்லை" என்று வரும் பதில் பல நேரம் பழைய நம்பரைத் தட்டிப் பார்த்துச் சொன்னதுதான்.

ரெஞ்ச்_ராணிப்பேட்டை:
பாண்டி சொன்னது சரி. நம்பர் கையில் வந்த பிறகு டப்பாவைப் பாருங்கள்: எம்ஆர்பி, தயாரித்த மாதம்-ஆண்டு, தயாரிப்பாளர் பெயர், முகவரி எல்லாம் அச்சில் இருக்க வேண்டும். அதோடு நிற்காதீர்கள், டப்பா அடிப்பது சுலபம். பார்ட்டின் உடம்பிலேயே பெயரும் பேட்ச் குறியும் பதிந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

டை ராட் எண்ட்: ரானே மாதிரி கார் கம்பெனிகளுக்கே சப்ளை செய்பவர்களுடையது போதும். கம்பெனி டப்பாவுக்காகக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை. ஸ்டட்டை (மேலே நீட்டியிருக்கும் மரை போட்ட கம்பி) விரலால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக, எல்லாத் திசையிலும் ஒரே கனத்தோடு நகர வேண்டும். புதுசே தொளதொளவென்று ஆடினாலோ ஒரு இடத்தில் கடித்து இன்னொரு இடத்தில் வழுக்கினாலோ திருப்பிக் கொடுங்கள். மாட்டுவதற்கு முன் இன்னொன்று. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி 3 மணி-9 மணி நிலையில் பிடித்து ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தால் டை ராட். 12-6 நிலையில் ஆடினால் வீல் பேரிங் அல்லது லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட். அதை விட்டு டை ராட் எண்டை மட்டும் மாற்றினால் பணம்தான் போகும். பழசைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, புதுசை அதே சுற்றில் ஏற்றி, அன்றைக்கே அலைன்மென்ட் பாருங்கள். இல்லையென்றால் டயர் ஓரம் தேய்ந்து காட்டிக்கொடுக்கும்.

வீல் சிலிண்டர்: வெறும் ரப்பர் கிட் போடச் சொல்வார்கள். உள்துளையில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். குழி தட்டுப்பட்டால் கிட் நிற்காது, முழு சிலிண்டரே வேண்டும். இந்த வயது வண்டியில் ஒரு பக்கம் போனால் மறுபக்கமும் வரிசையில் நிற்கும், ஜோடியாக மாற்றுங்கள். டிவிஎஸ் கர்லிங் நல்லது. லைனிங்கில் ஆயில் ஊறியிருந்தால் அதையும் தூக்கிப் போடுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் போட்டுக் கழுவ விடாதீர்கள். பிரேக் ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகாது, ஊதிப்போய் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். கழுவுவதற்கும் பிரேக் ஃப்ளூயிட்தான். பிரேக் லைனிலிருந்து காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள்.

கிளட்ச்: டூப்ளிகேட்டை விட ரீகண்டிஷன் ஆபத்து அதிகம். பழைய பிரஷர் பிளேட்டை லேத்தில் கடைந்து பெயிண்ட் அடித்துப் புது டப்பாவில் போடுவார்கள். நடுவில் இருக்கும் டயாஃப்ரம் விரல்களின் நுனியைப் பாருங்கள். ரிலீஸ் பேரிங் உரசிய இடத்தில் வட்டமாக ஒரு பளபளப்போ, பெயிண்டுக்கு அடியில் பள்ளமோ தெரிந்தால் அது ஏற்கெனவே ஓடியது. பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் ஒரே கம்பெனியாக எடுங்கள். பழைய பிளேட்டையும் கடைக்குக் கொண்டுபோய் நடு ஓட்டையின் பற்களை எண்ணி ஒப்பிடுங்கள். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிராங்க் பின்பக்க ஆயில் சீலை மாற்றிவிடுங்கள். அந்தச் சீல் ஒழுகினால் புது பிளேட் வழுக்கும், மறுபடி கூலி.

ஆயில் ஃபில்டர், டைமிங் பெல்ட்: இரண்டும் கம்பெனி பார்ட்டே. மிச்சமாவது சில நூறு, ரிஸ்க் எஞ்சின் மேல். டூப்ளிகேட் ஃபில்டரில் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வளையம் இருக்காது, அல்லது பேருக்கு இருக்கும். சுற்றியிருக்கும் சின்னத் துளைகள் வழியே பென்சிலால் மெல்லத் தொடுங்கள், மெத்தென்று அமுங்கித் திரும்ப வேண்டும். அது இல்லாவிட்டால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் லைட் அணைய நேரமாகும். பெல்ட்டைப் பழசோடு வைத்துப் பல் எண்ணுங்கள். கடைக்காரர் அதை முறுக்கியோ ஆணியில் மடித்தோ தொங்கவிட்டிருந்தால் வேண்டாம், உள்ளே நூல் முறிந்திருக்கலாம். டென்ஷனரையும் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை) கேம், கிராங்க் முன் சீல்களையும் கூடவே மாற்றுங்கள். ஆயில் பட்ட பெல்ட் சீக்கிரம் போய்விடும்.

கரூர்_எண்ணூறு:
நன்றி அண்ணா, கிளட்ச் விரல் விஷயம் தெரியாது. பீடிங்கும் டெயில் லாம்பும் சென்னை புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் எடுக்கலாமா? "ஓபன் பண்ணாத பழைய ஸ்டாக்" என்று ஒரு பீடிங் செட் வேறு சொல்கிறார்கள். இன்னொன்று, காலையில் ஸ்டார்ட் செய்ததும் லேசாகப் பெட்ரோல் வாடை வருகிறது.

காயலான்_கடை:
டெயில் லாம்ப் தாராளமாகப் புதுப்பேட்டையில் எடுங்கள். கதவு, பானட், ஹேண்டில், மீட்டர், சீட் ரெயில், வயரிங் கனெக்டர் எல்லாம் அப்படித்தான். புது லோக்கல் லாம்பை விட ஓடிய கம்பெனி லாம்ப் பாடியில் சரியாக உட்காரும். லென்ஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மயிரிழை விரிசல் பாருங்கள், பல்பு ஹோல்டரில் பச்சை பூத்திருந்தால் வேண்டாம். கண்ணாடி எடுத்தால் மூலையில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எடுப்பதாக இருந்தால் லேபிள் நம்பர் அப்படியே பொருந்த வேண்டும். ஐகேட்ஸ் என்ற திருட்டுத் தடுப்பு வசதி உள்ள மாருதிகளில் ஜோடிச் சாவி, கண்ட்ரோல் யூனிட் இல்லாமல் ஈசிஎம் மட்டும் வாங்கினால் வண்டி உயிர் பெறாது. முழு எஞ்சின் என்றால் பில் இல்லாமல் தொடவே தொடாதீர்கள், நம்பர் மாற்றத்தை ஆர்டிஓவில் ஆர்சியில் ஏற்ற வேண்டும்.

பிரேக், ஸ்டியரிங், ரப்பர் மூன்றும் காயலான் கடையில் கூடவே கூடாது.

பழைய ஸ்டாக் பீடிங்கும் வேண்டாம். ரப்பர் ஓடித்தான் கெட வேண்டும் என்பதில்லை, அலமாரியிலேயே காய்ந்துவிடும். புதுசை விரலால் பத்து விநாடி அழுத்தி விடுங்கள், உடனே எழும்ப வேண்டும். தழும்பு நின்றால் லோக்கல் ஸ்பாஞ்ச். மாட்டிய பிறகு ஒரு ரூபாய் நோட்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். சும்மா உருவிக்கொண்டு வரும் இடத்தில் மழைநீர் இறங்கும். சுற்றிலும் இறுக்கமாக இருந்து மேல் மூலையில் மட்டும் தளர்ந்தால் குற்றம் பீடிங்கில் இல்லை, கதவு கீல் தொங்கியிருக்கிறது.

பார்ட்நம்பர்_பாண்டி:
பெட்ரோல் வாடையை இந்தப் பட்டியலில் முதலில் வையுங்கள். உங்கள் வண்டி 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் செய்ததல்ல. அதில் பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே மென்மையாகி வெளியே வெடிப்பு விடும். டேங்கிலிருந்து எஞ்சின் வரை எல்லா ரப்பர் துண்டுகளையும் மாற்றுங்கள். கடையில் மீட்டர் கணக்கில் கொடுக்கும் சாதா ஹோஸ் கார்புரேட்டர் வண்டிக்கானது, எம்பிஎஃப்ஐ பிரஷருக்குத் தாங்காது. ஹோஸ் மேலேயே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சடித்திருப்பதைக் கேளுங்கள். ஆர்6 என்று இருந்தால் அது குறைந்த பிரஷருக்கானது. கிளாம்ப்பும் விளிம்பு மடித்த இன்ஜெக்‌ஷன் வகையாக இருக்கட்டும், பல் வைத்த சாதா கிளாம்ப் ரப்பரை அறுக்கும். வேலை முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைக் காகிதத்தைச் சுற்றிப் பிடித்து ஈரம் படுகிறதா பாருங்கள். அதுவரை மூடிய ஷெட்டில் வண்டியை நிறுத்தாதீர்கள்.