பேங்காக்கில் கூட்டாளிகளோடு ஆற்றுப் படகு: எதில் ஏறுவது, எங்கே இறங்குவது?

சிப்புட்காரி:
வணக்கம். தமிழ்நாட்டுக் கூட்டாளிகள் நாலு பேர் மலேசியாவுக்கு, எங்கள் சுங்கை சிப்புட் ஊருக்கு வருகிறார்கள். தோட்டத்தையும் ஈப்போ குகைக் கோயில்களையும் காட்டிவிட்டு பேங்காக் கூட்டிப்போகிறேன். அரண்மனை, வாட் போ, வாட் அருண் புத்தர் கோயில்கள், இந்த மூன்றையும் ஒரே நாளில் படகிலேயே பார்க்க முடியுமா? இருவர் சைவம்.

செம்பனைக்காடு:
முடியும் தங்கச்சி. பிடிஎஸ் என்கிற மேம்பால ரயிலில் சபான் தாக்சின் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே சாத்தோன் படகுத்துறை. அங்கே சுற்றுப்பயணிகளுக்கான நீலக்கொடிப் படகுக்குத்தான் கூப்பிடுவார்கள், விலை கூட. ஆரஞ்சுக் கொடி கேளுங்கள். எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், 20 பாட்டுக்குள் (பாட் தாய்லாந்துப் பணம்). வடக்கே போகப் போகத் துறை எண் கூடும்: 8 தா தியென், 9 தா சாங்.

தவறுவது இறங்கும்போதுதான். படகு துறையில் அரை நிமிடம்கூட நிற்காது. பின்பக்கம் நிற்பவர் விசில் ஊதிக்கொண்டே கயிற்றைத் துறைக் கம்பத்தில் சுற்றிப் பிடிப்பார்; கயிறு கழன்றதும் படகும் நகர்ந்துவிடும். முந்தின துறையிலேயே எழுந்து பின்பக்கம் வந்துவிடுங்கள். அங்கே பிக்குகளுக்கென்று ஓர் இடம் உண்டு, அதில் நிற்க வேண்டாம். நீளத் தகர டப்பாவைக் கடகடவென்று ஆட்டிக்கொண்டு வருபவர் நடத்துநர், சில்லறை தயாராக இருக்கட்டும்.

ஈப்போ ரோடு:
வரிசை முக்கியம். காலை 8.30க்கு தா சாங்கில் இறங்கி அரண்மனை, ஏனென்றால் மாலை 3.30க்குச் சீட்டு நிறுத்திவிடுவார்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். "இன்று அரண்மனை மூடல்" என்று வெளியே யாராவது சொன்னால் நம்பாமல் வாசல்வரை நடங்கள். டுக்டுக் ஆட்டோவில் ஏற்றி நகைக்கடைக்குக் கொண்டுபோகும் பழைய ஏமாற்று அது. அரண்மனையிலிருந்து வாட் போவுக்கு நடை தூரம். அங்கே படுத்திருக்கும் சயன புத்தர் 46 மீட்டர் நீளம். பிறகு தா தியெனிலிருந்து அக்கரைப் படகில் வாட் அருண், 5 பாட்தான். அதன் படிகள் செங்குத்து, இறங்கும்போது கைப்பிடியை விடாதீர்கள். மாலை 6 மணிக்கு மேல் ஆரஞ்சுப் படகை நம்பி நிற்காதீர்கள்.

சிப்புட்காரி:
நன்றி அண்ணே. சாப்பாடு?

செம்பனைக்காடு:
மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடை 'ஜே' கடை: இறைச்சி, மீன் சாஸ் மட்டுமில்லை, பூண்டு வெங்காயமும் இராது. நம்மூர் ருசி வேண்டுமென்றால் 6ஆம் துறையில் இறங்கி இந்தியர் கடைகள் உள்ள பாஹுராட் வரை நடங்கள். சிலோம் மாரியம்மன் கோயிலைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள், சாத்தோன் துறைக்குப் பக்கம்தான்.