நிவாரண நிதிக்கா, ஊர்ல இருக்குற சின்ன ட்ரஸ்ட்டுக்கா? பணம் யாருக்கு குடுக்கலாம்

பட்டுக்கோட்டையான்:
ஆபீஸ்ல மாசாமாசம் சேக்குற பணத்த வேதாரண்யம் பக்கம் இருக்குற ஒரு சின்ன ட்ரஸ்ட்டுக்கு குடுக்கலாம்னு சொன்னேன், உடனே "அதெல்லாம் ஃப்ராடு, முதல்வர் நிவாரண நிதிக்கு போடு"ங்குறாங்க. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப நான் ஊர்லதாங்க இருந்தேன், வெளியூர்லேந்து வந்த லாரி முக்காவாசி மெயின் ரோட்டுலயே சரக்க எறக்கிட்டு திரும்பிருச்சு, ரோட்டோர வீட்டுல பிஸ்கட் பாக்கெட்டு குவிஞ்சு கெடக்கு, உள்ள தள்ளி இருக்குற காலனிக்கு தார்ப்பாய்கூட போகல. எந்த வீட்டுல கைக்குழந்தை, யாருக்கு சுகர் மாத்திர தீந்துபோச்சுன்னு தெரிஞ்சு தேடி போனது அங்க ஏற்கனவே மகளிர் குழு நடத்திட்டு இருந்தவங்கதான்.

கணக்குப்பிள்ளை:
நல்லவங்க இருக்கலாம், இல்லங்கல. ஆனா நான் குடுத்த எடத்துலேந்து போட்டோ வந்துச்சே தவிர ரசீது வரல. புள்ளைங்கள தட்டோட வரிசையா நிக்க வச்சு ஒரு போட்டோ, பாக்கவே சங்கடமா இருந்துச்சு. நிவாரண நிதின்னா குடுத்த பணத்த வருமான வரிக் கணக்குல 100 சதவீதம் கழிக்கலாம், ட்ரஸ்ட்டுன்னா பெரும்பாலும் 50தான். (புது வரி முறைக்கு மாறிட்டா ரெண்டுமே கெடையாது.)

நாகை கடற்கரை:
வரிக் கழிவ வச்சா முடிவு பண்ணுவீங்க? சுனாமிக்கு பணம் வராமயா இருந்துச்சு, ஆளாளுக்கு ஃபைபர் படகு குடுத்து கடைசில நாகைல படகு தேவைக்கு மேல ஆயிருச்சு. ஆனா கூடைல மீன் வித்த பொம்பளைங்க, தலித் கூலிக்காரங்க, இருளருங்க, இவங்ககிட்ட படகே இல்லங்கறதால பல எடத்துல நிவாரணப் பட்டியல்லயே பேரு வரல. அத கேட்டு சண்ட போட்டது உள்ளூர் அமைப்புங்க.

பட்டுக்கோட்டையான்:
லாஃப்டின்னு நெலமில்லாதவங்களுக்கு நெலம் வாங்கி குடுக்குற அமைப்பு, அத பாருங்க சார். கீழ்வெண்மணில தலித் கூலிக்காரக் குடும்பத்துக்காரங்க 44 பேர எரிச்சது 1968. அதே மண்ணுல கிருஷ்ணம்மாளும் அவங்க வீட்டுக்காரர் ஜெகந்நாதனும் 1981ல லாஃப்டிய ஆரம்பிச்சு, மிராசுதாருங்ககிட்ட பேசி நெலத்த வாங்கி, கூலிவேல பாத்த பொம்பளைங்க பேருக்கே பத்திரம் பண்ணி குடுத்தாங்க. எந்த நிவாரண நிதி இத செய்யும்?

கணக்குப்பிள்ளை:
கிருஷ்ணம்மா பேர சொல்லி எல்லா ட்ரஸ்ட்டுக்கும் சர்டிபிகேட் குடுக்காதீங்க. பெரிய என்ஜிஓவுக்கு குடுங்க, அவங்க விசாரிச்சு சின்னவங்களுக்கு பிரிச்சு குடுக்கட்டும்.

நாகை கடற்கரை:
வெளிநாட்டுப் பணத்த அப்படி கைமாத்தி விடவே கூடாதுன்னு 2020ல எஃப்சிஆர்ஏங்குற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்த திருத்திட்டாங்களே, அந்தப் பணத்துல நிர்வாகச் செலவுக்கு எடுக்குற உச்சவரம்பும் 50 சதவீதத்துலேந்து 20க்கு எறங்கிருச்சு. அத நம்பி இருந்த சின்ன அமைப்புங்க என்ன பண்ணும்? நம்மாளுங்களும் "அரிசி வாங்கு, சம்பளத்துக்கு தர மாட்டேன்"ங்குறாங்க. அந்த மாதிரி அமைப்புல ரெண்டே ஆளு, பகல்லாம் தாலுகா ஆபீஸ்ல மனுவோட நிக்கிறாங்க, ராத்திரி வந்து வவுச்சர் ஒட்டணும். ஆடிட்டர் ஃபீஸ யாரு குடுக்கறது? கணக்கு கேக்குறீங்கல்ல, நீங்களே வந்து எழுதி குடுங்க.

கணக்குப்பிள்ளை:
சரிங்க, வர்றேன், ஃபீஸ் ஒண்ணும் வேணாம். ஆனா பில்லு இல்லாத செலவ நான் ஏத்த மாட்டேன், அத இப்பவே அவங்ககிட்ட சொல்லிருங்க.