மறு: கேப்ஷன், லெஜண்ட், 'படம் 3 பார்க்க': மூன்றுக்கும் தமிழ்ச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

> மூன்றுக்கும் 'படவிளக்கம்' என்றே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் என்பதே என் கருத்து. ஆய்வுக்கட்டுரையில் படத்தின் அடியில் எண்ணோடு நிற்கும் வரிகள் ஒன்று (கேப்ஷன்). படத்துக்குள்ளேயே, எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று காட்டும் சிறு கட்டம் இன்னொன்று (லெஜண்ட்). கட்டுரையின் ஓட்டத்தில் 'படம் 3' என்று வாசகரை அங்கே அனுப்புவது மூன்றாவது. உயிரியல் இதழ்கள் பலவற்றில் கேப்ஷனையே லெஜண்ட் என்கிறார்கள். அந்தக் குழப்பம் தமிழுக்கும் வர வேண்டுமா?

முதலாவதற்குப் படக்குறிப்பு, இரண்டாவதற்குக் குறிவிளக்கம். இவற்றில் பெரிய சண்டை இருக்காது என்று நினைக்கிறேன்.

மூன்றாவதற்கு என் பரிந்துரை 'படச்சுட்டு'. அ, இ, உ சுட்டெழுத்துகள் என்று பள்ளியில் படித்த எவருக்கும் இது உடனே விளங்கும். அட்டவணைச்சுட்டு, சமன்பாட்டுச்சுட்டு என்றும் நீட்டலாம். இலங்கைப் பாடநூல்களில் படத்தை 'உரு' என்பார்கள், அவர்களுக்கு உருச்சுட்டு. 'படச்சுட்டி' மட்டும் வேண்டாம், சுட்டி என்ற சொல் ஏற்கெனவே மவுஸுக்கும் இணைப்புக்கும் போய்விட்டது.

இதற்கென்று ஒரு பெயர் இருந்தால்தான் மாணவர்களிடம் பேசவே முடியும். "வெப்பநிலை மாற்றம் படம் 3இல் காட்டப்பட்டுள்ளது" என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். என்ன மாற்றம், ஏறியதா, இறங்கியதா? "வெப்பநிலை முதல் பத்து நிமிடம் ஏறி, அப்புறம் நிலைத்துவிட்டது (படம் 3)" என்று எழுதினால் கண்டுபிடிப்பு வாக்கியத்தில் இருக்கிறது, சுட்டு அடைப்புக்குள் ஒதுங்கிக்கொள்கிறது. 'மேலே உள்ள படம்' என்பதும் ஆகாது. பக்கம் அமைக்கும்போது படம் எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது. எண்தான் நிலையானது.

வேற்றுமை உருபுதான் தொல்லை. ஆய்வேடுகளை அச்சுக்கு அமைக்கும் லேட்டெக் மென்பொருள் எண்ணைத் தானாகப் போடுகிறது, நாம் பின்னால் 'இல்' சேர்க்கிறோம். 'படம் 3இல்' வரை சரி. உட்படம் வந்தால் 'படம் 3அஇல்' என்று ஆகிறது, வாசிக்கவே முடியவில்லை. இடையில் கோடு போடலாம். அதைவிட, எண்ணை முன்னால் கொண்டுவந்து '3அ படத்தில்' என்றால் உருபு பெயர்ச்சொல்லோடு இயல்பாகச் சேர்கிறது. நான் இந்தப் பக்கம்தான். ஆனால் படக்குறிப்பில் 'படம் 3அ' என்றும் சுட்டில் '3அ படம்' என்றும் வரிசை மாறுவது தேடுபவருக்கு இடைஞ்சலாக இருக்குமா? ஆய்வேடு திருத்துபவர்கள் சொன்னால் நல்லது.

அன்புடன்.