சாந்துப் பொட்டு வைத்த ரேடியோ: 1971இல் அம்மிச்சி கேட்டது என்ன நிகழ்ச்சி?

காங்கயத்துப் பேத்தி:
எல்லோருக்கும் வணக்கங்க. போன மாதம் எங்கள் அம்மிச்சியின் (அம்மாவின் அம்மா) தோட்டத்துச் சாளையை ஒதுங்க வைத்தோம். அட்டாலியில் (பரணில்) ஒரு பழைய வால்வு ரேடியோ கிடைத்தது. முன்பக்கக் கண்ணாடியில், ஷார்ட் வேவ் கோட்டின் மேல், மிளகு அளவுக்குச் சாந்துப் பொட்டு ஒன்று காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அம்மாவிடம் காட்டினேன். பார்த்ததுமே கண் கலங்கிவிட்டார்.

1971 இந்தியா-பாகிஸ்தான் சண்டையின்போது பெரிய மாமா ராணுவத்தில், கிழக்கு எல்லையில் இருந்தாராம். அம்மிச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் லீவுக்கு வந்திருந்தபோது மாமாவே அந்த இடத்தில் பொட்டு வைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்து, முள்ளைப் பொட்டுக்கு நேராகத் திருப்பி வைத்து அம்மிச்சி உட்கார்ந்துகொள்வாராம். ஏழு மணி வாக்கில் இந்திப் பாட்டாக வருமாம். ஒரு வார்த்தை புரியாது. "பெரியவன் இப்ப இதத்தான் கேட்டுக்கிட்டு இருப்பான்" என்பாராம்.

மாமா இப்போது இல்லை. அது என்ன நிகழ்ச்சி? அங்கே எல்லையில் அவரால் உண்மையிலேயே அதைக் கேட்டிருக்க முடியுமா? எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

சூலூர் சிக்னல்காரர்:
அம்மிணி, அது ஆல் இந்தியா ரேடியோவின் பாட்டுச் சேவையான விவித் பாரதியின் 'ஜெய்மாலா'. ஜவான்களுக்காகவே நடந்த நிகழ்ச்சி. எங்களுக்கு என்ன பாட்டு வேண்டும் என்று கடிதம் போடுவோம், பேரை வாசித்துவிட்டுப் பாட்டைப் போடுவார்கள். சனிக்கிழமை என்றால் சினிமாக்காரர்களே வந்து பேசுவார்கள்.

நானும் அந்த வருஷம் கிழக்கேதான் இருந்தேன், அகர்தலா பக்கம். மழைக்காலம் முழுக்கக் கூடாரத்தில் கிடந்தோம். எங்கள் பிளட்டூனுக்கு ஒரே ஒரு டிரான்சிஸ்டர். அதன் தோல் உறையில் பூஞ்சை பிடித்திருக்கும். மட்டமான பேட்டரியை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்டால் இன்னும் கால் மணி நேரம் பாடும். ஏழு மணிக்குப் பஞ்சாபி, மராட்டி, தமிழ் என்று எல்லாரும் அதைச் சுற்றி உட்காருவோம். அவன் ஊர்க்காரன் பேர் வந்தால் அவன் துள்ளுவான். நம் ஊர்ப் பேரை அந்த அறிவிப்பாளர் கடித்துக் குதறினாலும், அது நம் பேர்தான் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. பக்கத்து முகாமில் வங்காளப் பையன்கள், வங்கதேச விடுதலைக்குச் சண்டை போட்ட முக்தி பாஹினி. அவர்களுக்கென்று 'சுவாதீன் பாங்ளா பேதார்' என்ற ரேடியோ நிலையம் இருந்தது. அதில் எம்.ஆர். அக்தர் முகுல் 'சரம்பத்ர' என்று ஒன்று வாசிப்பார், டாக்கா பக்கத்துப் பேச்சு வழக்கில், பாகிஸ்தான் ராணுவத்தைக் கிண்டல் பண்ணி. எனக்குப் பாதிகூடப் புரியாது. ஆனால் வீடு வாசலை இழந்து வந்த அந்தப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து நாங்களும் சிரிப்போம். சண்டைக்காலத்தில் ரேடியோ செய்த வேலை என்றால் எனக்கு அந்தச் சிரிப்புதான் முதலில் ஞாபகம் வரும்.

உன் இரண்டாவது கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல்கிறேன். சண்டை வெடித்த டிசம்பர் 3 வரைக்கும் உன் மாமா நிச்சயம் கேட்டிருப்பார். அதற்கப்புறம் 16ஆம் தேதி பாகிஸ்தான் ராணுவம் சரண்டர் ஆகும்வரை நான் ஒரு பாட்டுக்கூடக் கேட்கவில்லை. முன்னேறிப் போகிறவனுக்கு ஏது நேரம்? அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

கோபி ரேடியோ மெக்கானிக்:
சூலூர் ஐயாவுக்கு வணக்கம். அவர் சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். விவித் பாரதி 1957 அக்டோபர் 3இல் தொடங்கியதற்கே ஒரு யுத்த ரேடியோதான் சுற்றுவழியில் காரணம். இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் தலைமையிலிருந்த தென்கிழக்காசியப் படைக்காகக் கொழும்பில் 'ரேடியோ சீக்' என்று ஒரு நிலையம் வைத்தார்கள். பர்மா, மலாயா பக்கம் இருந்த சிப்பாய்களுக்குப் பாட்டும் செய்தியும் போக வேண்டும் என்பதற்காக. அதற்கென்று வந்த 100 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் போர் முடிந்த பிறகுதான் ஓட ஆரம்பித்தது. 1949இல் எல்லாம் இலங்கை அரசின் கைக்கு வந்து ரேடியோ சிலோன் ஆனது. 1952இல் மத்திய ஒலிபரப்புத் துறை மந்திரியான கேஸ்கர் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டை ஒதுக்கினாரா, ஊரே கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பிவிட்டது. அந்தக் கூட்டத்தைத் திரும்ப இழுக்கத்தான் விவித் பாரதி வந்தது. எங்கள் அப்புச்சி டீக்கடையில் கொழும்பைத் தவிர வேறு எதுவும் பாடாது.

அப்புறம் ஒரு வேண்டுகோள், அக்கா. ரேடியோவை நேராக பிளக்கில் சொருகிவிடாதீர்கள். இத்தனை வருஷத்தில் கண்டன்சர்கள் கெட்டிருக்கும், டிரான்ஸ்பார்மரே புகைந்துவிடும். முதலில் ஒரு குண்டு பல்பை சீரிஸில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். கோபிக்குக் கொண்டுவந்தால் நானே பார்த்துத் தருகிறேன், காசு வேண்டாம். துடைக்கிற சாக்கில் பொட்டை அழித்துவிடாதீர்கள்.

காங்கயத்துப் பேத்தி:
ரொம்ப நன்றிங்க ஐயா, நன்றி தம்பி. பொங்கல் கழிந்து கோபிக்குக் கொண்டுவருகிறேன். எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். டிசம்பர் விஷயத்தைச் சொல்லத் தயங்கித்தான் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவராகவே சொன்னார். அந்த நாட்களில் அம்மிச்சி ஒரு நாள்கூட விடாமல் ரேடியோவை வைத்தாராம். மாமா கைப்பட எழுதிய கடிதம் சண்டை முடிந்து பத்து நாளுக்கு மேல் ஆன பிறகுதான் வந்ததாம். அதைப் பக்கத்துத் தோட்டத்து வாத்தியார் வந்து படித்துக் காட்டிய அன்றைக்குத்தான் அம்மிச்சி ஏழு மணிக்கு ரேடியோவை வைக்க மறந்துபோனாராம்.