‘ஆன்ட்பேர்ட்’ – குடும்பத்துக்கு ஒரு சொல், பிழைப்புக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

தென்னமெரிக்கப் பறவைப் பட்டியலில் ‘ஆன்ட்பேர்ட்’ (antbird) என்னும் பறவைகளுக்குத் தமிழ்ப்பெயராக வந்த பரிந்துரைகளைப் படித்தேன். முதலாவதை ஏற்க முடியவில்லை.

> எறும்பு தின்னும் பறவைதானே, ‘எறும்புண்ணிக் குருவி’ என்றே வைத்துவிடலாமே?

எறும்புண்ணி என்றதும் அழுங்குதான் கண்முன் வரும். அது போகட்டும், இந்தப் பறவைகளுக்கு எறும்பு முதன்மை உணவே அல்ல. அமேசான் காட்டில் எசிட்டான் பர்செல்லி என்னும் படையெறும்பு லட்சக்கணக்கில் திரண்டு, சில மீட்டர் அகலத்துக்கு விரிந்து, சருகைக் கிளறிக்கொண்டு வரும். அடியில் பதுங்கியிருந்த கரப்பான், வெட்டுக்கிளி, சிலந்தி எல்லாம் உயிர் பிழைக்க வெளியே ஓடும். அந்த விளிம்பில், தரைக்குச் சற்று மேலே, செங்குத்தான மெல்லிய தண்டு ஒன்றைப் பற்றியபடி பறவை காத்திருக்கும். ஓடிவருவதைக் கொத்திக்கொண்டு மறுபடி தண்டுக்குத் தாவும். வேட்டைக்குப் போகிறவர்கள் காடு கலைப்பார்களே, அந்த வேலையைத்தான் எறும்பு செய்து கொடுக்கிறது.

> அப்படியானால் ‘படைத்தொடரி’?

பொருளுக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் தொடரி என்பதை ரயிலுக்குப் பலர் எழுதிப் பழகிவிட்டார்கள். பறவைக்கு வேலையும் படையின் பின்னால் அல்ல, இரை தப்பி ஓடும் முன்விளிம்பில். என் பரிந்துரை ‘படைமுனைப் பறவை’. போர்முனை என்று நாளிதழில் தினமும் படிக்கிறோம், ஆகவே விளக்கம் தேவைப்படாது. (‘தூசிப்படை’ என்ற பழஞ்சொல் முன்னணிப் படையையே குறிக்கும். எனக்கு அதன்மேல் ஆசை உண்டு. இன்று தூசி என்றால் புழுதி மட்டுமே, என்ன செய்வது!)

‘படைமுனைப் பறவை’ என்பதைக் குடும்பப் பெயராக வைக்கக் கூடாது என்பதில் மட்டும் நான் உறுதியாக இருக்கிறேன். ஆன்ட்பேர்ட்கள் அடங்கிய தம்னோபிலிடே குடும்பத்தில் (இதை ‘எறும்புக்குருவி’ என்கிறேன்) 230-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. படையெறும்பையே நம்பிப் பிழைப்பவை அவற்றில் 20-ஐத் தாண்டாது. மெக்சிகோ தொடங்கி வட அர்ஜென்டினா வரை பரவியுள்ள வரியுடல் எறும்புக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆணுக்கு உடல் முழுக்கக் கறுப்பு வெள்ளை வரி, பெண் செம்பழுப்பு. புதருக்குள் இலை இலையாகத் துழாவி இரை தேடுவதே அதன் பிழைப்பு.

மறுபக்கம், பிரேசிலின் மனாவுஸுக்கு வடக்கேயுள்ள காட்டில் படையை முழுக்கச் சார்ந்தவை மூன்று இனங்கள். ஒன்று வெண்குஞ்ச எறும்புக்குருவி: முகத்தில் நிமிர்ந்த வெள்ளைக் குஞ்சம், செம்பழுப்பு மார்பு, ஆரஞ்சுக் கால். அடுத்தது செந்தொண்டை எறும்புக்குருவி. மூன்றாவதான வெண்மோவாய் மரமேறி இந்தக் குடும்பமே அல்ல. மண்ணால் அடுப்புப் போலக் கூடு கட்டும் ஹொர்னேரோ என்னும் பறவையின் உறவு அது. அங்கே 1979-ல் தொடங்கிய ஆய்வில், 1 ஹெக்டேர், 10 ஹெக்டேர் எனத் துண்டாகிப்போன காடுகளிலிருந்து இம்மூன்றும் விரைவிலேயே மறைந்தன. காரணம் எளிது. எறும்புக் கூட்டம் ஏறத்தாழ 15 நாள் அலையும், 20 நாள் ஓரிடத்தில் தங்கும். தங்கும் நாட்களில் படையெடுப்பு குறைந்துவிடும் என்பதால் ஒரு பறவைக்குப் பல கூட்டங்கள் வேண்டும். அதற்குச் சிறு துண்டுக்காடு போதாது. இந்தச் செய்தியைத் தமிழில் எழுத, குடும்பங்களைக் கடந்த ஒரு சொல் வேண்டாமா? ஊனுண்ணி என்ற ஒரே சொல்லை உணவுப் பழக்கத்துக்கும், கார்னிவோரா என்னும் விலங்கு வரிசையின் பெயருக்கும் வைத்ததால்தான், மூங்கில் தின்னும் பாண்டாவையும் ஊனுண்ணி என்று சொல்லி மாணவர்களைக் குழப்பிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே குடும்பத்துக்கு ‘எறும்புக்குருவி’, பிழைப்புக்குப் ‘படைமுனைப் பறவை’.

பட்டியலில் இன்னொன்றும் திருத்த வேண்டும். எல்லா இடத்திலும் ‘வாழிடம்’ என்றே இருக்கிறது. வாழிடம் என்பது காட்டின் தன்மை. எந்த நிலப்பரப்பில் காணப்படுகிறது என்பதற்கு இலங்கைப் பாடநூல்களில் உள்ள ‘பரம்பல்’ போதும். வெறுங்கண் எறும்புக்குருவிக்கு வாழிடம் மழைக்காட்டின் கீழடுக்கு, பரம்பல் அமேசானின் கிளையாறுகளான தபாஜோஸ், ஷிங்கு இரண்டுக்கும் இடைப்பட்ட நிலம். மேற்கே தபாஜோஸைத் தாண்டினால் அதன் நெருங்கிய உறவினம்தான் இருக்கும், வாழிடம் அதே மழைக்காடு.

படையெறும்பை முழுக்கச் சார்ந்தவற்றுக்கு ‘முழுச்சார்பு’ என்று வைக்கலாம். படை வந்தால் மட்டும் வந்து சேர்ந்துகொள்ளும் பறவைகளுக்கு ‘இடைச்சார்பு’ என்பது எனக்கே நிறைவாக இல்லை. அதற்கு மட்டும் உங்கள் பரிந்துரைகளை அனுப்புங்கள்.