பேச்சிப்பாறைக்குக் கீழே பாறையெல்லாம் செங்காவி, பிடித்த மீனைச் சாப்பிடலாமா?

கன்னிப்பூ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்த பிறகு அணைக்குக் கீழே தூண்டில் போடப் போயிருந்தேன். கையில் அள்ளினால் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓடுகிற பாறையில் எல்லாம் செங்காவி வழுவழுவென்று படிந்திருக்கிறது, ஓரத்துக் குழிகளில் எண்ணெய் மாதிரி மினுக்கம் வேறு. மதகுப் பக்கம் அழுகின முட்டை வாடை. ஜிலேபி மீன் நன்றாகக் கடிக்கிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால்தான் கேட்கிறேன். ரப்பர் ஷீட் கழிவாக இருக்குமோ?

மறுமொழி 1
அண்ணே, ரப்பர் ஷீட் கழிவு என்றால் தண்ணீர் பால் மாதிரி வெளுத்து, புளித்த ஆசிட் நெடி அடிக்கும். நீங்கள் சொல்வது இரும்பு. கோடை முழுக்க அணையில் வெதுவெதுப்பான தண்ணீர் மேலேயும் குளிர்ந்தது அடியிலும் கலக்காமல் நிற்கும், அடித்தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோய் சேற்றிலுள்ள இரும்பும் மாங்கனீசும் கரைந்துவிடும். மதகு அந்த அடித்தண்ணீரைத்தான் வெளியே விடுகிறது, காற்றுப் பட்டதும் இரும்பு துருவாகிப் பாறையில் படியும். அணை நிரம்பி மறுகாலில் வழிவது மேல்தண்ணீர், அதில் இப்படி இருக்காது. அந்த மினுக்கத்தைக் குச்சியால் கலைத்துப் பாருங்கள். கண்ணாடித் துண்டாக உடைந்து அப்படியே நின்றால் இரும்புப் பாக்டீரியா, மறுபடி ஒட்டிக்கொண்டால் எண்ணெய்.

மறுமொழி 2
குச்சியோடு நிறுத்தாதீர்கள், ஒரு பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க வையுங்கள். சருகு ஊறின டீ நிறம் அப்படியே இருக்கும், வண்டல் அடியில் தங்கும். மேலே பச்சைப் பெயிண்ட் மாதிரி ஆடை மிதந்தால் அது நீலப்பச்சைப் பாசி, அந்த இடத்து மீனை விட்டுவிடுவது நல்லது. அந்த விஷம் கொதிக்கவைத்தாலும் போகாது, ஈரலிலும் குடலிலும்தான் அதிகம் சேரும்.

கேட்டவர்
குச்சியால் கலைத்தேன், துண்டு துண்டாகத்தான் உடைந்தது. பாட்டிலில் காலையில் அடியில் துரு மாதிரி மஞ்சள் பொடி, மேலே எதுவும் இல்லை.

மறுமொழி 1
அப்போ இரும்புதான். மீன் துடிப்பாக இருந்தால் குடலை எடுத்துவிட்டு, நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். செத்து மிதக்கிறதை மட்டும் தொடாதீர்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்சிஜன் குறைவு, அன்றைக்கே நீர்வளத்துறைக்குச் சொல்லுங்கள். அதே ஆறுதான் திற்பரப்பு அருவிக்குப் போகிறது, அங்கே குழந்தைகள் குளிக்கிறார்கள்.